இருபது ஆட்டுக்கு ஒரு கொட்டகை

எட்டுச் சவுக்குக் கம்பங்களின் மேல் நிம்மதியாக நின்றுகொண்டிருந்த கார்மேகத்தின் ஆட்டுக்கொட்டகை, விஜயபாஸ்கர் இரண்டாம் முறை மீன் குழம்பு ஊற்றிக்கொண்டபோது ஆட்டம் கண்டது.

கொட்டகை இன்னும் தாளில்தான் இருந்தது. முப்பதடி நீளம், பதினைந்தடி அகலம், மேலே தகரம், உள்ளே இருபது ஆடு. செலவு தொண்ணூறாயிரம் ரூபாய். அந்தப் பணம் கையில் இருந்தது. அரபு நாட்டில், அல் குசைஸ் தொழிலாளர் கேம்பில் பதினான்கு வருடம் கொத்து வேலை பார்த்தாயிற்று. அடுத்த மாதம் காண்ட்ராக்ட் முடிந்ததும் விசாவைக் கேன்சல் செய்துவிட்டு மானாமதுரைக்கே வந்துவிடுவதாக மனைவி நாகவள்ளியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். மகள் அகிலா பத்தாவது போய்விட்டாள். அப்பா என்றால் அவளுக்குப் போனில் தெரிகிற ஒரு மூக்கும் பாதி நெற்றியும்தான்.

"சவுக்கா?" என்றான் விஜயபாஸ்கர். அதே அறையில் இருப்பவன், சைட்டில் கம்பி கட்டுகிறவன். "கரையான் தின்னுபுடும்ணே. ரெண்டே வருசத்துல கூரை ஆட்டு மேல உக்காந்துரும்."

"அப்ப என்னடா பண்ண?"

"இரும்பு பைப் நடுங்க. ஆயுசுக்கும் கவலையில்ல."

கார்மேகம் தாளில் சவுக்கை அடித்துவிட்டு இரும்பு நட்டார். ஒரு லட்சத்து அறுபதாயிரம்.

மூன்று நிபுணர்களோடு ஒரே அறையில் குடியிருப்பவனால் ஒரு கோழிக்கூடுகூடக் கட்ட முடியாது. இது கார்மேகத்துக்குத் தெரியவில்லை. முன்பு அறையில் முறைபோட்டுச் சமைத்தார்கள். மற்ற மூவரும் ஆக்கியதை ஒரு மாதம் தின்று பார்த்துவிட்டு, அவரே கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். அந்த அளவுக்கு விவரமானவர், கொட்டகை விஷயத்தில் மட்டும் எல்லோரையும் நம்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எலக்ட்ரீசியன் வைரவன் ஷேரி மீனின் தலையை உறிஞ்சிக்கொண்டே தாளைப் பார்த்தான்.

"இரும்பாண்ணே? இடி விழுந்தா இருபது ஆடும் ஒரே நேரத்துல வறுவலாயிரும். எர்த் போடணும். மேல இடிதாங்கி வைக்கணும்."

"பக்கத்துல பனமரம் நிக்குதுடா. விழுந்தா அதுலதான் விழும்."

"இடிகிட்ட அத யாரு சொல்றது?"

யாரும் சொல்ல முடியாதுதான். இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.

சேஃப்டி செக்‌ஷனில் உதவியாளாக இருக்கும் அருள்முருகன் அதுவரை வாய் திறக்கவில்லை. வாய் நிறைய சோறு. விழுங்கிவிட்டுச் சொன்னான்.

"இரும்பும் தகரமும் சேர்ந்தா உள்ள வெந்துரும்ணே. கூரைய பதினாலு அடிக்குத் தூக்குங்க."

தூக்கினார்.

"இம்புட்டு ஒசரமா?" என்று அலறினான் விஜயபாஸ்கர். "ஆடி மாசக் காத்து பேத்துக்கிட்டுப் போயிரும். அஞ்சடிக்குக் குழி எடுத்துக் காங்கிரீட் போடுங்க."

போட்டார்.

"தீப்புடிச்சா ஆடுக வெளியேற ரெண்டு வழி வேணும்," என்றான் அருள்முருகன். "ஓடியாந்து ஒண்ணா நிக்க ஒரு அசெம்பிளி பாயிண்ட். அதுக்கு ஒரு போர்டு."

"ஆடு போர்டு படிக்குமாடா?"

"படிக்காதுண்ணே. நாமதான் ட்ரெயினிங் குடுக்கணும்."

நான்கு லட்சம். கார்மேகம் தாளைத் தன் பக்கம் இழுத்தார். ஆட்டைக் குறைத்தால் கொட்டகை சிறுக்கும், செலவும் சிறுக்கும் என்று கணக்குப் போட்டு, "பத்து ஆடு போதும்டா," என்றார்.

"பத்து ஆட்ட வச்சு நாலு லட்சத்த என்னைக்கு எடுப்பீங்க?" என்றான் விஜயபாஸ்கர். "அம்பது ஆடாவது வேணும்ணே."

ஐம்பது ஆட்டுக்குக் கொட்டகை இரண்டரைப் பங்கு நீண்டது. ஏழு லட்சம். மூவரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, சட்டியில் ஒட்டியிருந்ததை வழித்துத் தின்றார்கள்.

நாகவள்ளியிடம் போனில் சொன்னார்.

"ஆடு நிக்கவா, மந்திரி வந்து பேசவா?" என்றாள் அவள். "நாலு கீத்தப் போட்டா ஆடு நிக்காதா?"

"ஒனக்குத் தெரியாது நாகு. டெக்னிக்கலாப் பாக்கணும்."

"அகிலா பள்ளிக்கூடத்துல அப்பா அடுத்த மாசம் வர்றாருன்னு எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கா," என்றாள்.

போனை வைத்த கார்மேகம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் ஏழு லட்சம் ஏழு லட்சம்தானே! இன்னும் இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று கேம்ப் ஆபீசுக்கு நடந்தார். அங்கே எல்லாக் காகிதமும் கீழக்கரை ஈசா பாயின் கையில்தான்.

காண்ட்ராக்டை நீட்டிக்கும் தாளில் கார்மேகம் கையெழுத்துப் போட்டு நீட்டினார். ஈசா பாய் அதை வாங்கிப் படித்தார். முகமெல்லாம் சிரிப்பாக முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார்.

"நல்லதாப் போச்சு கார்மேகம். மூணு வாரத்துக்கு முந்தி ஒம்ம ரூம் பயலுவ மூணு பேரும் இங்க வந்து, 'அண்ணன் ஊருக்குப் போறாரு, நல்லா மீன் கொழம்பு வைக்கிற ஆளா ஒருத்தர எங்க ரூமுக்குப் போடுங்க பாய்'னு உசுர வாங்குனானுவ. அப்படி ஆளு இந்தக் கேம்புலயே இல்லன்னுட்டேன். 'சரி பாய், அப்ப அந்தக் கொட்டகைய நாங்க பாத்துக்கிடுறோம்'னு சொல்லிட்டுப் போனானுவ... அது என்ன கொட்டகைய்யா?"