சீசனைக் காப்பாற்றப் போன சீர்த்தட்டு

பயம் வந்தால் சிலருக்கு வயிறு கலங்கும். சிலருக்குக் கால் நடுங்கும். எனக்கு வாய் திறந்துகொள்ளும். திறந்தால் மூடாது. உள்ளே இருப்பதும் இல்லாததும் வெளியே வந்து விழுந்த பிறகுதான், நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே தெரியவரும். இந்த வியாதிக்கு எங்கள் ஊர் ஜாசின் கிளினிக்கில் மருந்து கிடையாது. என் மனைவி ஸ்டெல்லாவிடம் மட்டும் ஒரு வைத்தியம் உண்டு. மேசைக்கு அடியில் என் காலை மிதிப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளை விட்டுவிட்டுப் புலாவ் செபாங் போனேன். அனுபவித்தேன்.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவன். அது வயிற்றுக்கு. உயிருக்கு ஹாக்கி. எங்கள் கடற்பருந்து அணி ஆடும்போதெல்லாம் ரசிகர்களுக்கு நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்துவது நான்தான். அதனால் ஊருக்கு நான் 'மைக் அண்ணன்'. ஆரோக்கியசாமி என்ற பெயர் அடையாள அட்டையில் சும்மா படுத்திருக்கிறது. என் பக்கத்தில் நின்று உறுமி அடிப்பவன் சேகர். செம்பனை லோரி ஓட்டுகிறவன், நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவன். எங்கள் ரசிகர் கூட்டத்துக்குத் தலைவர் பாலா மாமா. தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தவர். ஆட்களை அதட்டிப் பழக்கம் உள்ளவர் வேறு யாரும் எங்களிடம் இல்லாததால் அவர் தலைவர்.

இரண்டு வருடங்களுக்கு முன் சீசன் தொடங்கவில்லை.

காரணம் ஹஃபிஸின் முழங்கால். பெனால்டி கார்னர் கிடைத்தால் போதும், அவன் அடிக்கிற பந்து கண்ணுக்குத் தெரியாது, பலகையில் மோதும் சத்தம் மட்டும் கேட்கும். முந்தைய சீசனின் கடைசி ஆட்டத்தில் அவன் கால் திரும்பிவிட்டது. நிர்வாகம் பூங்கொத்து கொடுத்து, படம் எடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அடுத்த ஒப்பந்தத்தில் அவன் பெயரே இல்லை. ஆடும்போது அடிபட்டால் குணமாகும்வரை அணி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி எழுதித் தரும்வரை கையெழுத்துப் போடமாட்டோம் என்று ஆட்டக்காரர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஓர் அணி அல்ல, எல்லா அணிகளும். அவர்களுக்காகப் பேசியவர் எங்கள் கேப்டன் முகிலன்.

நியாயம்தான். ஆனால் நியாயத்துக்கு யார் உறுமி அடிப்பது?

ஆட்டம் நடந்திருக்க வேண்டிய முதல் சனிக்கிழமை, வேன் தானாகவே ஸ்டேடியத்துக்குப் போய்விட்டது (ஓட்டியது நான்தான், ஆனாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும்). கேட் பூட்டியிருந்தது. தண்ணீர் தெளித்துப் பளபளவென்று இருக்க வேண்டிய நீலத் திடல் வறண்டு வெளுத்துக் கிடந்தது. எனக்கு முன்பே ஒரு சீனப் பெரியவர் எங்கள் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். நானும் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் சவக்கிடங்கு வாசலில் நிற்பவர்கள் என்ன பேசிக்கொள்வார்கள்? கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தலையை ஆட்டிவிட்டு, அவரவர் வழியில் போனோம்.

அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. பயத்தில் மாதா கோவிலுக்குத் தேங்காயோடு போய்விட்டேன். ஸ்டெல்லா வாசலிலேயே பிடுங்கிக்கொண்டாள். வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாள், "ஒரு முட்டிக்காக ஒரு சீசனா?" என்று எழுதிப் போட்டேன். சிரிக்கிற முகங்கள் வந்து குவிந்தன. அன்று மட்டும் நன்றாகச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமைக்குள் ஆட்டக்காரர்கள் கையெழுத்துப் போடாவிட்டால் சீசன் ரத்து என்று லீக் அறிவித்ததும் பாலா மாமா எங்களைத் தேநீர்க் கடைக்கு வரச் சொன்னார்.

"கேப்டன் வீட்டுக்கே போயிருவோம் லா. நம்ம பையன், நம்ம பேச்சைக் கேப்பான்."

"போயி?" என்றான் சேகர்.

"மரியாதையா கேக்கணும். வெறுங்கையோட போவக்கூடாது. தட்டு எடுத்துட்டுப் போவோம். தட்டைக் கையில வாங்கிட்டா நம்ம ஆளுங்க மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க."

இதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பயந்தவர்களுக்கு யாராவது ஒருவர் உறுதியான குரலில் பேசினால் போதும்.

ஜாசின் பசாரில் பூக்கடை அக்காவிடம் ஐந்து தட்டு சொன்னேன். "நல்லபடியா முடியணும்க்கா, வேண்டிக்குங்க" என்று கைகூப்பினேன். அந்த அக்கா என் முகத்தைப் பார்த்து உருகிப்போய், வெற்றிலை, பழம், தேங்காய், இனிப்பு எல்லாவற்றையும் கண்ணாடித்தாள் சுற்றி ரிப்பன் கட்டினார். கடைசித் தட்டில் மல்லிகைப் பூவும் இரண்டு டஜன் கண்ணாடி வளையலும் தன் சார்பாக வைத்தார். கேப்டனுக்கு எதற்கு வளையல் என்று நான் கேட்கவில்லை. இலவசம்.

வேட்டி கட்டிக்கொள்ளச் சொன்னது பாலா மாமா. நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாது என்று உறுமியை நான்காவது ஆளாகக் கணக்கில் சேர்த்ததும் அவரே.

புலாவ் செபாங்கில் முகிலன் வீடு ஒரு வரிசை வீட்டின் ஓரத்தில். மூன்று வேட்டிகளும் ஐந்து தட்டுகளும் ஓர் உறுமியும் வேனிலிருந்து இறங்கியதைப் பார்த்ததும், எதிர்வீட்டுப் பெண் துணி காயப்போடுவதைப் பாதியில் நிறுத்தினார். கதவைத் திறந்தவர் முகிலனின் அம்மா சரோஜா. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியே பிள்ளைகளை வளர்த்தவர். தட்டுகளைப் பார்த்தார். வளையலைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"வாங்க, வாங்க. சொல்லியிருந்தா பசியாறல் செஞ்சி வச்சிருப்பேனே! முகிலன் வெளிய போயிருக்கான், இப்ப வந்துருவான்." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: "கவிதா! மூஞ்சியக் கழுவிட்டு வாம்மா!"

முகிலனுக்கு ஒரு தங்கை இருப்பதும், அவளுக்கு முப்பது கடந்தும் வரன் அமையாமல் இருப்பதும் எனக்கு முன்பே தெரியும். தெரிந்த அந்த இரண்டும் எங்கள் தட்டுகளோடு மூளையில் சந்தித்தது அந்த நொடியில்தான்.

பாலா மாமாவைப் பார்த்தேன். காலமெல்லாம் ஆட்களை அதட்டிய அந்த மனிதர் மேலே சுற்றுகிற காற்றாடியை வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்ப்பவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பையன் யாருங்க?" என்றார் சரோஜா அம்மா.

அந்த இடத்தில், 'அம்மா, மன்னிச்சிருங்க, நாங்க வேற விஷயமா வந்தோம்' என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. ஆனால் எனக்குப் பயம் வந்துவிட்டது. வாய் திறந்துகொண்டது.

"இவருதாம்மா" என்று சேகரைக் காட்டினேன்.

சேகரின் கையிலிருந்த உறுமி 'உம்ம்' என்று ஒரு சத்தம் போட்டது. அவன் அடிக்கவில்லை. உடம்பு நடுங்கியதில் தானாக வந்தது.

"தங்கமான பையன்மா. சொந்த லோரி. குடிப்பழக்கம் சுத்தமா கிடையாது" என்றது வாய். (லோரி முதலாளியுடையது. இரண்டாவதைப் பற்றி நான் எதுவும் சொல்லாமலிருப்பதே நல்லது.)

சரோஜா அம்மா தட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி, சாமி மேடைக்கு முன்னால் வைத்து, விளக்கை ஏற்றினார். முதுகைக் காட்டி நின்றவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது எங்களுக்குத் தெரிந்தது. எனக்கு அப்போதே எழுந்து ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. வேட்டியோடு ஓடவும் முடியாது.

கவிதா தேநீரோடு வந்தாள். முகம் கழுவவில்லை. தாம்பினில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறவள். நோயாளியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"நீங்க மைக் அண்ணன்தானே?"

"ஆமாம்மா."

"'ஒரு முட்டிக்காக ஒரு சீசனா'ன்னு போட்டவரு?"

நான் தேநீரைக் குடித்தேன். நாக்கு வெந்தது. ஒரு தண்டனையாவது உடனே கிடைத்தது.

"அண்ணனைக் கேட்டு வந்தீங்களா, என்னையக் கேட்டு வந்தீங்களா?"

"ரெண்டும்தாம்மா" என்றது என் வாய்.

"என்னடி சொல்ற?" என்றார் அவள் அம்மா.

"நாளைக்கு அண்ணன் ஸ்ட்ரைக்கை விட்டுட்டுக் கையெழுத்துப் போடணுமாம்மா. அதுக்குத்தான் இந்தத் தட்டெல்லாம்."

சரோஜா அம்மா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருக்கலாம். அவர் சாமி மேடையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"எங்க தோட்டத்துல ஸ்ட்ரைக் நடந்தப்பவும் இப்படித்தான், நிர்வாகத்துல யூனியன் தலைவர் வீட்டுக்குப் பழத்தோட ஆளு அனுப்பினானுங்க" என்றார். "அவனுங்களாச்சும் பொண்ணு கேக்கல."

பாலா மாமாவின் தலை குனிந்துவிட்டது. அவரும் தோட்டத்து ஆள்தான். அவருடைய அப்பாவும் அப்படி ஒரு ஸ்ட்ரைக்கில் உட்கார்ந்தவர். ஸ்ட்ரைக்கை உடைப்பவனுக்கு வைக்கும் 'கருங்காலி' என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே அது அந்த அறையில் எங்களோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தது.

வெளியே கார் நின்றது. முகிலன் உள்ளே வந்தார். தனியாக வரவில்லை. அவர் தோளில் கை போட்டபடி, ஊன்றுகோலோடு ஹஃபிஸ். காலுக்கு ஏதோ பயிற்சி கொடுக்கிற இடத்திலிருந்து வருகிறார்கள். அரைக்கால் சட்டை போட்டிருந்தான். முழங்கால் வீங்கி, தையல் போட்ட கோடு மேலிருந்து கீழ்வரை ஓடியது. அந்தத் தொடை பக்கத்துத் தொடையில் பாதிகூட இல்லை. இந்தக் காலுக்குத்தான் நான் மைக்கில் பாட்டுக் கட்டிக் கத்தினேன். அதே வாயால்தான் அதற்கு 'ஒரு முட்டி' என்றும் பெயர் வைத்தேன்.

கவிதா நடந்ததை அண்ணனிடம் ஹஃபிஸுக்குப் புரியாத தமிழில் சுருக்கமாகச் சொன்னாள். முகிலன் கோபப்படவில்லை. அவருக்கு அதுதான் கடைசி சீசன். வயது முடிந்துவிட்டது, அடுத்த வருடம் யாரும் எடுக்கமாட்டார்கள் என்பது எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"போட்டுடறேன்ணே" என்றார். "எனக்கும் ஆடணும். ஆனா நான் இவன்கிட்ட சொல்ல மாட்டேன். நீங்கதான் நல்லா பேசுவீங்களே. நீங்களே சொல்லிடுங்க."

ஹஃபிஸ் என்னைப் பார்த்தான். பழைய மைக் அண்ணனைப் பார்த்த சந்தோஷத்தில் சிரித்தான். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். திறந்தால் மூடாத அந்த வாய் ஒட்டிக்கொண்டுவிட்டது. எச்சிலை விழுங்கி, முக்கி, கடைசியில் ஒன்று வந்தது:

"சூடா மாக்கான்?"

மலாயில், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டேன். ஒரு தேசிய லீக்கின் எதிர்காலம் காத்திருக்கும்போது, சாப்பிட்டாயா.

"சூடா, பாங்" என்றான் அவன் பணிவாக. சாப்பிட்டாயிற்று அண்ணே. அப்புறம் சாமி மேடையில் ரிப்பன் கட்டிய தட்டுகளைக் கவனித்து, யாருக்குக் கல்யாணம் என்று மலாயில் ஆசையாகக் கேட்டான்.

"தாக் ஜாடி" என்றாள் கவிதா. நடக்காது.

கல்யாணமும் சீசனும் அந்த ஒரே பதிலில் முடிந்தன. நாங்கள் எழுந்துகொண்டோம். தட்டுகளைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்ட கவிதாவை, "சாமிக்கு வச்சது, இருக்கட்டும்" என்று அவள் அம்மா தடுத்தார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். அதுதான் தாங்க முடியவில்லை.

வேனைக் கிளப்பித் தாம்பின் சாலையைத் தாண்டினேன். பிறகு பின் சீட்டிலிருந்து சேகர், "கொஞ்ச நேரம் மாப்பிள்ளையா இருந்தேன்ணே" என்றான். "அந்த அம்மா விளக்கு ஏத்தினாங்கல்ல, அதுவரைக்கும்."

நான் கண்ணாடியில்கூட அவனைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை யாரும் கையெழுத்துப் போடவில்லை. சீசன் ரத்தானது. அடுத்த வருடம் அவர்கள் கேட்ட அந்த வரி எல்லா ஒப்பந்தங்களிலும் ஏறியது. லீக்கும் திரும்பி வந்தது. ஆனால் கடற்பருந்து வரவில்லை. அந்த வரிக்குப் பொறுப்பேற்க எங்கள் முதலாளிக்கு மனமில்லை, அணியைக் கலைத்துவிட்டார். முகிலன் கடைசி ஆட்டம் என்று ஒன்று ஆடாமலே ஓய்வு பெற்றார். ஹஃபிஸ் தங்கா பத்து பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பந்து அடிக்கச் சொல்லித் தருகிறான், நாற்காலியில் உட்கார்ந்தபடி. சேகரின் உறுமி இப்போது சாவு வீடுகளுக்குப் போகிறது. நாங்கள் யாருக்காகவோ ஆடுகிற யாரையோ கைப்பேசியில் பார்த்துவிட்டு, கோல் விழுந்தால், "ம்" என்கிறோம்.

போன வருடம் என் மகளைப் பெண் கேட்டு மூவாரிலிருந்து வந்தார்கள். வேட்டிகள், தட்டுகள், ரிப்பன்கள். பெண்ணைப் பெற்றவனாக நான் கம்பீரமாக நிற்க வேண்டும். முதல் தட்டு கைக்கு வந்ததும் அதைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன், இவர்கள் உண்மையிலேயே எங்கள் பிள்ளைக்காகத்தான் வந்திருக்கிறார்களா என்று. சரோஜா அம்மா அன்றைக்கு இப்படிப் பார்க்கவில்லை. சந்தேகமே இல்லாமல் வாங்கினார்.

என் முகத்தைப் படித்துவிட்ட ஸ்டெல்லா, சம்பந்தி வீட்டார் எல்லார் முன்னிலையிலும் சத்தமாகக் கேட்டாள்:

"நல்லா கேட்டுக்குங்க லா. வந்தது பொண்ணுக்கா, ஹாக்கிக்கா?"

எங்கள் பக்கத்து ஆட்கள் கூரை பறக்கச் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ முக்கியமான கேள்வி, பதிலில்தான் சம்பந்தமே இருக்கிறது என்று பயந்துபோய், கைகூப்பி, மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"எங்க வீட்டுல பேட்மிண்டன் மட்டுந்தாங்க."