நாலாந்தட்டில் நிரை அக்கா

"...பாதி நிரையில எறங்கிப் போற ஆளு நான் இல்லடா! ஒனக்கு வேணும்னா நீ போ!"

மூன்றாவது தடாகத்தருகே, "போதும்க்கா, திரும்பலாம்" என்ற, தோட்டத்து ட்ராக்டர் ஓட்டும் செல்வத்துக்கு நிரை அக்கா மூச்சு வாங்கச் சொன்ன பதில் இது. இலங்கையில் எங்கள் றக்வானைப் பக்கத்துப் பாறைகள்கூடப் பிடிவாதத்தை அவரிடம்தான் கற்றிருக்க வேண்டும். தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது ஆளுக்கொரு வரிசைச் செடி கொடுப்பார்களே, அதுதான் நிரை. அக்காவுக்கு உலகமே நிரை. கோயில் பந்தியில் யாராவது இடம் மாறி உட்கார்ந்தால், "இது யாரு நிரை?" என்று எழுப்பிவிடுவார்.

தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாய் நிற்கும் எங்கள் லயத்துக்கு மேலே, காட்டுக்குள் அருவி நாலு தட்டாக விழுகிறது, தட்டுக்கொரு தடாகம். எங்கிருந்தெல்லாமோ வேன் பிடித்து வந்து குளிக்கிறார்கள். அந்த இரைச்சலிலேயே பிறந்து பேரனும் எடுத்துவிட்ட அக்காவோ கீழே ஓடையில் துணி துவைத்ததோடு சரி.

"நாலாந்தட்டுல முங்காம விடமாட்டேன்" என்று ஒரு காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எல்லோர் முன்னும் அறிவித்துவிட்டார். செல்வம் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ரெண்டாந்தட்டுக்கே ஒங்களத் தூக்க ட்ராக்டர் கொண்டு வரணும்க்கா!"

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் செல்வமும் நானுமாகக் கிளம்பினோம். அட்டை கடிக்காமலிருக்கக் காலெல்லாம் துணி துவைக்கும் சவர்க்காரம் பூசி, கொழுந்துக்குப் போகையில் நனையாமலிருக்க இடுப்பில் சுற்றும் கெட்டிப் படங்குச் சீலையையும் இறுக்கிக் கட்டி வந்தார் அக்கா.

"குளிக்கவா, கொழுந்து எடுக்கவா?" என்றேன்.

"மலையேறப் படங்கு கட்டாம, பட்டுச்சேலையா கட்டுவாங்க?"

மூன்றாந்தட்டிலிருந்து வேரைப் பிடித்துத் தொங்கி, பாறையைத் திட்டி, கடைசித் தட்டில் ஏறிவிட்டார். நாங்கள் "ஆழம்க்கா!" என்று கத்துவதற்குள் படங்கோடு குதித்தார். நீச்சல் சுத்தமாகத் தெரியாது. எங்களுக்கு உயிரே போய்விட்டது.

படங்குக்குள் காற்றுப் புகுந்து குடையாய் விரிந்தது. அதன் நடுவில், கொலுப் பொம்மைபோல் அக்கா மிதந்தார்! கரையிலிருந்த வெள்ளைக்காரப் பெண்கள் கைதட்டினார்கள்.

"பாத்தியாடா செல்வம், தண்ணியே என்னைத் தூக்கி வச்சிருக்கு!"

ஒருமுறை தலையையும் முக்கிவிட்டு, வாத்துபோல் கால் உதைத்துக் கரை சேர்ந்தார். செல்வம் பாறையோடு ஒட்டி நின்றான்.

"எனக்குத் தண்ணின்னா பயம்க்கா," என்றான் மெதுவாக.

அக்கா ஈரப் படங்கை அவிழ்த்து அவன் இடுப்பில் கட்டினார். முழங்காலளவு தண்ணீருக்குள் மெல்ல நடத்திக் கூட்டிப்போனார். அவன் சிரிக்கிறவரை கையை விடவே இல்லை.