ஜாரின் மார்பில் கழுகு

"குதிரையை விடுய்யா!"

பெலகேயா வாலைப் பிடித்து இழுத்தாள். அவள் புருஷன் தெரெந்தி கடிவாளத்தைப் பிடித்து இழுத்தான். நடுவில் குதிரை. வீட்டில் இருந்ததே அது ஒன்றுதான். அதுவும் போனால், பனி உருகியதும் கலப்பையை இவர்களே இழுக்க வேண்டியதுதான்.

"ஜாரப்பா படை திரட்டுறாருடி! குதிரை கொடுத்தா தளபதி பதவி!"

"ஊர்ல ஏற்கெனவே நாப்பது தளபதி. ஒரு சிப்பாயாவது உண்டா?"

தெரெந்தி கடிவாளத்தை இன்னும் பலமாக இழுத்தான். தளபதிகள் பதில் சொல்ல மாட்டார்கள்.

செத்துப்போன ஜார் சாகவே இல்லையாம். அரண்மனையிலிருந்து தப்பி, ரஷ்யா முழுக்க அலைந்து, கடைசியில் எங்கள் யாயிக் ஆற்றங்கரைக்கே வந்துவிட்டாராம். போன வருஷம் வந்த ஜார் வாத்துகளோடு மறைந்தார். இவருக்குப் பிடித்தது குதிரை. ராஜ ரசனை!

அத்தாட்சி? இல்லாமலா! அசல் ஜாருக்குப் பிறக்கும்போதே மார்பில் கழுகு முத்திரை இருக்குமே! நீராவிக் குளியல் குடிலில் ஊரே நெருக்கியடித்தது. ஜார் சட்டையைத் திறந்தார். எதிரெதிராக இரண்டு வளைந்த தழும்புகள். சிறகுகளாம்.

"தலை எங்க ஜாரப்பா?" என்றார் கிழவர் லுக்யான்.

"பாவிங்க கண்ணுக்குத் தெரியாது."

உடனே எல்லோருக்கும் தலை தெரிந்தது. லுக்யானுக்கு இரண்டு தலை தெரிந்தது.

புருஷனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பெலகேயா உள்ளே நுழைந்தாள்.

"இந்த முத்திரை வேற யாருக்கும் இருக்காதே, ஜாரப்பா?"

"ரஷ்யாவுலயே கிடையாது!"

தெரெந்தியின் சட்டையை ஒரே இழுப்பில் கிழித்தாள். அதே வளைவு. அதே சிறகு.

லுக்யான் தடாலென்று தெரெந்தியின் காலில் விழுந்தார், பின்னாலேயே கூட்டமும் மண்டியிட்டது. "ஜாரப்பா! வரியைக் குறைங்க!"

தெரெந்தி தன் மார்பையே குனிந்து பார்த்தான். "அடியே... ஒருவேளை நான்தானோ?"

"தூ!"

ஜாருக்குப் பொறுக்கவில்லை. ராஜ்யம் கைமாறிக்கொண்டிருந்ததே! "முட்டாப் பயலுகளா! அது குதிரை கடிச்ச தழும்புடா! மேல்பல்லு ஒரு வரிசை, கீழ்ப்பல்லு ஒரு வரிசை!"

"அடேங்கப்பா! பாத்ததுமே எப்படித் தெரிஞ்சுது ஜாரப்பா?" என்றாள் பெலகேயா.

ஊரே ஜாரின் மார்பைத் திரும்பிப் பார்த்தது. ஜார் அவசரமாகச் சட்டையை மூடினார். அடுத்த நொடி பின்ஜன்னல் வழியாக ரஷ்யாவின் ஆட்சி வெளியே குதித்து ஓடியது. கட்டி வைத்திருந்த குதிரைகளை எடுக்கக்கூட நேரமில்லை.

"லாடம் அடிக்கறப்ப என்னைக் கடிச்சது சரி. அவனையும் குதிரைதான் கடிச்சுதுன்னு உனக்கெப்படித் தெரியும்?" என்றான் தெரெந்தி.

"போன அறுவடையப்ப நம்ம லாயத்துக்குள்ள ஒரு திருடன் புகுந்தான். நீ குடிச்சுட்டுக் கிடந்த. மூஞ்சியப் பாக்கல, அலறலை மட்டும் கேட்டேன். நம்ம குதிரை அன்னிக்கே ஆள் யாருன்னு கண்டுபிடிச்சுடுச்சு."

இன்னும் மண்டியிட்டிருந்த கூட்டத்தை அவள் திரும்பிப் பார்த்தாள்.

"எந்திரிங்கய்யா. யோசிக்கிற வேலையையும் குதிரைகிட்டயே விட்டா, அப்புறம் உங்களுக்குத் தலை எதுக்கு?"