புடலங்காய்க்குக் கல் கட்டிய கதை

காத்திருப்பது எந்த நாள் வரை பொறுமை, எந்த நாளிலிருந்து அசட்டை? மூத்த மகள் பிறந்ததிலிருந்து இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறேன். பதில்தான் வரவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு நாங்கள் குடிவந்தபோது அவளுக்குப் பதினொரு மாதம். இன்னும் நிற்கவில்லை என்பது முதல் கவலை. இரண்டாவது கவலை கொல்லை. ரயில்வே கிளார்க்கான என் கணவர் முதல் நாளே எச்சரித்தார்.

"மூணு மாசத்துக்கு ஒருக்கா வெள்ளைக்காரத் துரை வந்து தோட்டத்தைப் பார்ப்பாரு. சரியில்லேன்னா கடைசி வரிசை வீட்டுக்கு மாத்திடுவாங்க. அங்க கொல்லையே கிடையாது."

பிள்ளை தவழ மண்ணில்லாத வீடா? உடனே புடலை விதை ஊன்றினேன். (முளைத்ததா என்று தினமும் தோண்டியும் பார்த்தேன். என் தொல்லை தாங்காமல்தான் அவை முளைத்திருக்க வேண்டும்.)

பக்கத்து வீட்டு அன்னம்மா அக்கா, போர்ட்டரின் மனைவி. என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. அவர் பந்தலில் காய்கள் ஓர் ஆள் நீளத்துக்கு நேராகத் தொங்கும். சுருளாமல் இருக்க நுனியில் நெல்லிக்காய் அளவு கல்லைக் கட்டிவிடுவார். அப்புறம் திரும்பியும் பார்க்க மாட்டார். எப்படித்தான் பார்க்காமல் இருக்கிறாரோ என்று வாய் பிளப்பேன்.

துரை வர ஒரு வாரம்தான் இருந்தது. என் காய்களோ சாண் நீளத்தில் சுருண்டு கிடந்தன. ஏழாம் வகுப்பு வரை படித்தவள் அல்லவா, கணக்குப் போட்டேன். சின்னக் கல் ஒரு மாதத்தில் செய்வதைப் பெரிய கல் ஒரு வாரத்தில் செய்யாதா? தண்டவாளத்தடியில் கொட்டியிருந்த கருங்கல்லில் கைப்பிடி அளவாகப் பதினொன்று பொறுக்கி வந்தேன்.

அக்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, காய்க்குக் கல்லா, கல்லுக்குக் காயா?"

"நேரா வரட்டும்னுதான் அக்கா."

"அது தன்னால வரும்லா. நீ போயி பசியாறு."

நான் போகவில்லை. இன்னொரு முடிச்சுப் போட்டேன்.

துரை வந்தார். பந்தலுக்கடியில் நின்று பந்தல் கால் ஒன்றைப் பிடித்து மெல்ல அசைத்தார், உறுதியாக இருக்கிறதா என்று. அவ்வளவுதான். பதினொரு காயும் கல்லோடு பொலபொலவென்று உதிர்ந்தன. ஒன்று அவர் தொப்பியில், ஒன்று பூட்ஸில், மீதி என் கணவரின் மானத்தில். துரை குனிந்து ஒரு கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்ம ரயில் லைன் கல்லு" என்று என் கணவர் செத்த குரலில் முனகினார். எனக்கு அழுகைதான் வந்தது.

வேலியைத் தாண்டி வந்தவர் அக்கா. மலாய் மொழியில் கணீரென்று சொன்னார்: "துவான், இவளுக்கு இதுதான் முதல் தோட்டம், முதல் பிள்ளை. ரெண்டும் வளரணும்னு அவசரம். கல்லு சாயங்காலத்துக்குள்ள லைனுக்குப் போயிடும். கொடி சாகல, பாருங்க." கொடியைத் தூக்கிப் பிஞ்சுகளைக் காட்டினார்.

துரையின் மீசை துடித்தது. கோபமா சிரிப்பா, தெரியவில்லை. "மூன்று மாதம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இடுப்பில் பிள்ளை, கூடையில் கல்லுடன் தண்டவாளத்துக்குப் போனேன். அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர் கூவினார்: "அம்மாவே லைனுக்குக் கல்லு போடுறாங்க. நமக்கு இன்னிக்கு லீவுடோய்!"

அதன்பின் என் கை கொடிப் பக்கம் போனாலே வேலிக்கு மேல் ஒரு முறம் அரிசி நீளும். "கல்லுதானே வேணும்? இதுல பொறுக்கு." எத்தனை முறம் பொறுக்கியிருப்பேன்! அப்படி ஒரு நாள் தலை குனிந்திருந்தபோதுதான் என் மகள் பந்தல் காலைப் பிடித்து எழுந்து, நான்கு அடி நடந்தாளாம். பார்த்தது அக்கா மட்டும்.

"நீ பார்க்கலேன்னுதான் நடந்திருக்கா" என்றார்.

துரை மறுபடி வந்தபோது ஏழு காய் நேராக இருந்தன. ஒன்று மட்டும் குடைப்பிடி போல. வீடு தங்கியது.

இன்றும் நான் எதற்காவது பரபரத்தால் என் கணவர் கேட்பார்: "லைனுக்குப் போயி கல்லு எடுத்தாரவா?" மகளும் சேர்ந்து சிரிப்பாள்.

இப்போது இளையவனுக்கு இருபது மாதம். "மா" என்பதைத் தவிர ஒரு சொல் இல்லை. அக்காவைக் கேட்டால் முறத்தைத்தான் நீட்டுகிறார். பிள்ளை வளர்த்த தாய்மார்களே, தயவுசெய்து எழுதுங்கள்: வைத்தியரிடம் காட்டட்டுமா, இன்னும் கொஞ்சம் அரிசி பொறுக்கட்டுமா?