நீலக்காலின் துவைக்காத பேன்ட்

துணி துவைக்கப் பாடுபடுகிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். துவைக்காமல் இருப்பதற்காக ஒரு வருஷம் உயிரைக் கொடுத்துப் பாடுபட்டவர் எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மாரண்டஹள்ளியில் என் தையல் கடைக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். ஊரில் அவர் பெயர் நீலக்கால்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு ஜீன்ஸ் பேன்ட். நெட்டில் பார்த்து எங்கிருந்தோ வரவழைத்தார். சாயம் ஏற்றிய பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் காட்டாத துணியாம். நீளத்தைக் குறைக்க என்னிடம் கொண்டுவந்தார். மூன்று ஊசி உடைந்தது. நான்காவது ஊசி பயந்துகொண்டே தைத்தது. முடித்துச் சுவர் ஓரமாக வைத்தேன். அது மடங்காமல் இரண்டு காலையும் ஊன்றி நின்றது. கண் மங்கிய என் அப்பா உள்ளே வந்து, "வாங்க, எப்ப வந்தீங்க?" என்று அதை விசாரித்தார்.

அப்பா பகலெல்லாம் என் கடை ஸ்டூலில்தான் இருப்பார். எனக்குப் புது ஆட்களிடம் பேச வராது. அளவெடுப்பது என் வேலை, பேசுவது அவர் வேலை என்று பிரித்துக்கொண்டு இருபது வருஷம் ஓட்டிவிட்டோம்.

"இத ஒரு வருசம் தண்ணியில போடக் கூடாதுங்க டைலரண்ணா," என்றார் நீலக்கால். "நாம உக்கார்றது, கால மடக்கறது, செல்லு வெக்கறது எல்லாம் அது மேல வெள்ளையா படமா வுழும். எம் பேன்ட்டு மாதிரி இன்னொருத்தன் பேன்ட்டு ஒலகத்துல இருக்காது."

"சாயம் போச்சுன்னா வித்தவன் சட்டைய புடிப்பாங்க," என்றார் அப்பா. "நீ சாயம் எப்ப போவும்னு ஒரு வருசம் காத்துக் கெடக்கப் போறியா?"

"இது வேறங்க பெரியப்பா."

"வெளுத்த பேன்ட்டுதான் வேணும்னா எம் மவன் பேன்ட்ட எடுத்துக்க. பத்து வருசமா வெளுத்து வெச்சிருக்கான்."

இந்தப் பைத்தியத்துக்கென்றே செல்போனில் ஒரு குழு இருந்தது. பல தேசத்து ஆட்கள். அவர்கள் விதிப்படி, காலையில் குளித்ததிலிருந்து கடை சாத்தும்வரை பேன்ட் காலில் இருக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும், ஒரு முறை நனைந்தாலும் ஆட்டம் முடிந்தது. வருஷக் கடைசியில் பேன்ட்டைப் படம் பிடித்துப் போட வேண்டும். பரிசு என்ன என்று அப்பா கேட்டார்.

"எல்லாரும் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லுவாங்க."

அப்பா பேன்ட்டைத் தடவிப் பார்த்தார். "அத நான் இப்பவே சொல்லிடறேன். நல்லாருக்குது. போயி தொவைடா."

அவர் துவைக்கவில்லை. பேன்ட் தன் சாயத்தை ஊருக்குப் பங்கு வைக்க ஆரம்பித்தது. அவர் தொடை நீலமாயிற்று. என் கடை பிளாஸ்டிக் சேர் நீலமாயிற்று. பாலக்கோடு பஸ்ஸில் அவர் எந்த சீட்டில் உட்கார்ந்தார் என்பதை மறுநாளும் சொல்லலாம். ஒருநாள் டீக்கடை பெஞ்சில் அவர் எழுந்த இடத்தில் ஒரு கட்சிக்காரர் வந்து உட்கார்ந்தார். புது வெள்ளை வேட்டி. அங்கிருந்து நேராக மேடைக்குப் போய்ப் பேசினார். எதிரில் இருந்த கூட்டம் கைதட்டியது. மேடையில் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும் ஏன் சிரித்தார்கள் என்று அவருக்கு வீட்டுக்குப் போய் வேட்டியை அவிழ்த்தபோதுதான் தெரிந்தது. அதன் பிறகு டீக்கடைக்காரர் நீலக்காலுக்கென்று தனிச் சாக்கு ஒன்று போட்டுவிட்டார்.

ஐப்பசி மழையில் இரண்டு காலிலும் யூரியா சாக்கைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டு வண்டி ஓட்டினார். எட்டாம் மாதம் வாடை ஆரம்பித்தது. அதற்கும் அந்தக் குழு மருந்து சொன்னது: பேன்ட்டை ஐஸ் பெட்டியில் வைத்தால் நாற்றம் செத்துவிடுமாம். பேக்கரிக்காரர் கையைக் காலைப் பிடித்து, கடை சாத்துகிற நேரத்தில் வைத்துக் காலையில் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. ஒருநாள் எடுக்கத் தாமதமாயிற்று. குச்சி ஐஸ் எடுக்கக் கையைவிட்ட ஒரு டீச்சரம்மா விறைத்த காலைத் தொட்டுவிட்டுப் போட்ட சத்தத்தில் பஸ் ஸ்டாண்டே காலியாயிற்று.

இதையெல்லாம் ஊர் பொறுத்துக்கொண்டது. பொறுக்காதது ஒன்றுதான். எங்கள் பக்கம் சாவுக்குப் போனால், அடக்கம் முடிந்து, உடுத்திய துணியோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் வீட்டுப் படி ஏற வேண்டும். நீலக்கால் சாவுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். மாலையை என்னிடம் கொடுத்தனுப்புவார். பாடை போகும்போது தூரத்தில் ஏரிக்கரை முனையில் வண்டிமேல் உட்கார்ந்தபடி ஒரு கும்பிடு போடுவார். சொந்தச் சித்தப்பா சாவுக்கும் அதே கும்பிடுதான்.

"நாளைக்கு ஒன் சாவுக்கு எவன்டா வருவான்?" என்று டீக்கடையில் சத்தம் போட்டார்கள்.

"அந்தப் பேன்ட்டு வரும்," என்றார் அப்பா. "அதான் தனியா நிக்குதே."

தை மாதம் அப்பாவுக்கு இழுப்பு அதிகமாயிற்று. ஆனாலும் ஸ்டூலை விடவில்லை. ஒருநாள் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "ஏன்டா நீலக்காலு, எஞ்சாவுக்காச்சும் வருவியா?"

"எப்பங்க பெரியப்பா?"

"அத நான் எப்படிரா சொல்றது?"

"பங்குனி இருவதோட வருசம் முடியுதுங்க. அதுக்கப்புறம் எப்ப வேணாலும் சாவுங்க, மொத ஆளா வந்து நிக்கறேன்."

"ஒம் பேன்ட்டுக்காவ நான் உசுர புடிச்சிக்கிட்டு இருக்கணுமா?"

"கொஞ்சம் பாத்து செய்யுங்க."

நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். அப்பா இருமி இருமிச் சிரித்தார். அன்றிலிருந்து நான் கெஞ்சாமலே மாத்திரை போட்டுக்கொண்டார். "இன்னும் நாப்பது நாளு," "இன்னும் முப்பத்தஞ்சு" என்று சுவர் வழியாகப் பக்கத்துக் கடைக்குக் கத்துவார். அங்கிருந்து, "விட்டுடாதீங்க பெரியப்பா!" என்று பதில் வரும்.

பங்குனி ஒன்பதாம் தேதி காலையில் காப்பி கேட்டார். கொண்டுவருவதற்குள் போய்விட்டார். இன்னும் பதினோரு நாள் இருந்தது.

நாலு பேருக்குப் போன் போட்டுச் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. வேலை நாள் வேறு; இளவட்டங்கள் எல்லாம் விடியுமுன்பே கம்பெனி பஸ் ஏறி ஓசூர் போயிருந்தார்கள். மயானத்துக்கு ஏரிக்கரை வழியாகத் தூக்கித்தான் போக வேண்டும், வேன் போகாது. நான் கொள்ளிச் சட்டி பிடிக்க வேண்டியவன். வந்திருந்த சொந்தக்காரர்களில் பாதிக்கு மேல் வயதானவர்கள்; தோள் கொடுக்க என் மச்சானோடு சேர்த்து மூன்று பேர்தான் தேறினார்கள். நான்காவது ஆளுக்காகக் காத்திருந்தோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. என் கண் தானாக ஏரிக்கரை முனையைத் தேடியது. அங்கே வண்டி இல்லை.

அவர் என் வாசலிலேயே நின்றிருந்தார். காலில் அந்தப் பேன்ட். முந்நூற்றுச் சொச்சம் நாள் வெயிலும் வியர்வையும் ஏறி, முட்டியில் வெள்ளை விழுந்து, பையில் செல்போன் அளவுக்கு ஒரு கட்டம் தெளிந்திருந்தது.

"தலமாட்டுல நான் புடிக்கறேன்," என்றார்.

"பேன்ட்டு..." என்றேன்.

"அது கெடக்குது. நீங்க முன்னால நடங்க டைலரண்ணா."

அடக்கம் முடிந்து பக்கத்துத் தோட்டத்து மோட்டார் தொட்டிக்கு வந்தோம். மற்றவர்கள் குளிக்காமல் சுற்றி நின்றார்கள். துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள்கூட அவர் காலையே பார்த்தார்கள். அவர் ஒருமுறை குனிந்து பேன்ட்டைப் பார்த்தார். "பெருசு ஏமாத்திருச்சே," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி முங்கினார்.

தொட்டி முழுக்க நீலம். அடுத்து இறங்கிய என் மச்சான் வெள்ளை வேட்டியோடு உள்ளே போய் நீல வேட்டியோடு வெளியே வந்தார். "யோவ், சாவுக்கு வந்தவன சாயப் பட்டறையில முக்கிட்டியேய்யா!" என்று அவர் கத்தியதில், அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த நான் சிரித்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள்.

நனைந்த பேன்ட் சுருங்கிக் காலைக் கவ்விக்கொண்டது. என் வீட்டு வாசலில் அவரை உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு காலாக நானும் மச்சானும் இழுத்துத்தான் கழற்ற முடிந்தது. சுற்றிக்கொள்ளக் கொடியில் கிடந்த அப்பாவின் வேட்டியை எடுத்துக் கொடுத்தேன். அவர் வேட்டியைக் கட்டிக்கொண்டு, ஈரப் பேன்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

இப்போது பேன்ட் போடுவதை விட்டுவிட்டார். கடைக்கு அந்த வேட்டியைத்தான் கட்டிக்கொண்டு வருகிறார். வேலை இல்லாத நேரம் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடம் எனக்கும் சேர்த்து அவரே பேசுகிறார்.