கேன்வாஸ் உருவிய படலம்

பட்டுத் துணியில் தைத்திருந்த இரண்டு கிளிகளும் லட்சணமாகத்தான் இருந்தன. அவற்றின் அடியில் கிடந்த கேன்வாஸ்தான் வரமாட்டேன் என்று அடம் பிடித்தது.

அம்சா இன்னொரு தடவை நூலைப் பிடித்து இழுத்தாள். கேன்வாஸ் அசையவில்லை. பட்டு சுருங்கியது.

"இன்னாடி, பொண்ணு பாக்க வர்ற நேரத்துல துணியோட மல்லு கட்டிகினு கீற? போயி தலைய வாரு" என்றாள் அம்மா கன்னியம்மா.

"அவங்க பாக்க வர்றது தலைய இல்லம்மா, இத்த."

உண்மைதான். மாப்பிள்ளை உலகநாதன் செங்கல்பட்டு–மகாபலிபுரம் பஸ்ஸில் கண்டக்டர். தையல் கிளாஸுக்குப் போய்வந்த அம்சாவிடம் சில்லறை கொடுக்கிற சாக்கில் பேச ஆரம்பித்தவன், கடைசியில் வீட்டுக்குத் தரகரையே அனுப்பிவிட்டான். கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று அம்சாவும் ஒற்றைக் காலில் நின்றாள். ஆனால் அவனுடைய அம்மா ஞானம்பாள் லேசுப்பட்டவள் இல்லை. இதற்கு முன் பார்த்த பெண்களையெல்லாம் வேண்டாம் என்று தள்ளியவள்.

பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று அவள் கேட்கவில்லை. ஒரு பட்டுத் துணியையும், சிங்கப்பூரிலிருந்து வந்த துண்டுக் கேன்வாஸையும் தரகரிடம் கொடுத்தனுப்பினாள். "பட்டு மேல கிராஸ் ஸ்டிச்சுல ரெண்டு கிளி போடச் சொல்லு. நான் வர்றப்ப கேன்வாஸ் கண்ணுல படக் கூடாது" என்பது உத்தரவு.

மேட்டித் துணியென்றால் கட்டம் தெரியும், எண்ணித் தைக்கலாம். வழுவழு பட்டில் எதை எண்ணுவது? அதனால் கேன்வாஸை மேலே வைத்து, அதன் கட்டத்தை எண்ணித் தைத்துவிட்டு, கடைசியில் கேன்வாஸ் நூல்களை ஒவ்வொன்றாக உருவிவிட வேண்டும். அந்தக் கடைசியில்தான் அம்சா மாட்டிக்கொண்டிருந்தாள்.

"கஞ்சி போட்ட கேன்வாஸுடி அது. தண்ணி தெளி, எளகும்" என்றாள் அம்மா.

தெளித்தாள். கஞ்சி இளகிக் கோந்தானது. மூக்கின் சிவப்புச் சாயம் கழுத்து வரைக்கும் இறங்கி, கிளி வெற்றிலை போட்டுத் துப்பியது போல் ஆகிவிட்டது.

"ஐயய்யோ, சூடு காட்டுனா சாயம் நின்னுடும்!" என்று அம்மா இஸ்திரிப் பெட்டியில் கரியை அள்ளிப் போட்டுத் தேய்த்தாள். சாயம் நின்றது. கேன்வாஸ் அப்பளமாக விறைத்துப் பட்டோடு ஒட்டிக்கொண்டது.

லாரி ஷெட்டிலிருந்து வந்த அப்பா தனகோடி எட்டிப் பார்த்தார். "இதுக்குப் போயா இம்மாம் பேஜாரு? நவுரு" என்று கட்டிங் பிளேயரால் ஒரே இழுப்பு இழுத்தார். நூல் வந்தது. கூடவே ஒரு கிளியின் மூக்கும் வந்தது.

"நைனா!"

"நூலு வந்துச்சா இல்லியா?"

அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். ஞானம்பாள், அவள் கணவர் திருவேங்கடம், பெல்பாட்டம் போட்டிருந்த உலகநாதன்.

அம்மா துணியைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் திணிக்கப் போனாள். "இன்னும் முடியல, அடுத்த வாரம் தர்றோம்னு சொல்லிக்கலாம்டி."

"அடுத்த வாரம்னா, தள்ளிவுட்ட பொண்ணுங்களோட நானும் ஒண்ணாயிடுவேன். குடு இங்க. அவங்க கண்ணெதிர்லயே உருவுறேன்."

அம்சா ஒரு பேசினில் தண்ணீரும் முள்வாங்கியும் எடுத்துக்கொண்டு, வந்தவர்களுக்கு நேரெதிரே தரையில் உட்கார்ந்தாள். பஜ்ஜித் தட்டை அம்மாவே நீட்டினாள். திருவேங்கடம் மட்டும் சாப்பிட்டார்.

ஞானம்பாள் நாற்காலியை விட்டு இறங்கிப் பக்கத்தில் வந்து குந்தினாள். "பட்ட முழுசா முக்கறியே?"

"தெளிச்சா திட்டு திட்டா நிக்குது அத்த. முழுசா நனைஞ்சாதான் கஞ்சி வுடும்."

"மொதல்ல எந்த நூலு?"

"குட்டையா கீறது. மேல தூக்காம படுக்க வச்சி இழுக்கணும்."

"தைக்கறப்ப ஊசி கேன்வாஸ் நூலயே குத்திக்கினு போயிருந்தா?"

"அந்த நூல மட்டும் கத்திரிச்சி எடுக்கணும்" என்றாள் அம்சா, பல்லைக் கடித்துக்கொண்டு. இவ்வளவும் இன்று காலையிலிருந்து பட்ட பாட்டில் கற்றதுதான். கேள்வி மேல் கேள்வி கேட்டு ஞானம்பாள் தன்னைக் கழிக்கப் பார்க்கிறாள் என்றே அவள் நினைத்தாள். ஆனாலும் கை நிற்கவில்லை.

கடைசி நூலும் வந்தது. ஒரு கிளிக்கு மூக்கில்லை. இன்னொன்றுக்குக் கழுத்தெல்லாம் சிவப்பு. பட்டு சுருங்கிக் கிடந்தது.

"இவ்ளோதான் அத்த. கிளி கெட்டுப்போச்சி, கேன்வாஸ் இல்ல. வேணாம்னு சொன்னீங்கன்னா இன்னொண்ணு தச்சிக்கினு உங்க வூட்டுக்கே வருவேன்."

ஞானம்பாள் ஈரத் துணியைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "வெத்தல பாக்குத் தட்டு எடுங்க. இப்பவே மாத்திக்கலாம்" என்றாள்.

கன்னியம்மா துணியை எட்டிப் பார்த்தாள். "கிளிக்கு மூக்கே இல்லியே அண்ணி!"

திருவேங்கடம் கடைசி பஜ்ஜியை விழுங்கிவிட்டுச் சொன்னார்:

"கிளி யாருக்கும்மா வேணும்? எம் பொண்டாட்டி ஆசையா தச்ச பட்டுப்பொடவைல வருசக்கணக்கா கேன்வாஸ் ஒட்டிக்கினு கீது, அத்த உருவத் தெரிஞ்சவளத் தேடித்தான் ஊர் ஊரா பொண்ணு பாத்துகினு கீறா!"