பால்கோவாவில் கரைந்த நிலவேம்பு

பால்கோவாவைக் கண்டால் எனக்கு இன்றும் பயம். ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை பார்த்தவள் இப்படிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கெமிஸ்ட்ரி படித்த திமிரோடு ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி அங்கே ஒரு சித்த மருந்துக் கம்பெனிக்குப் போய்வந்தேன். நிலவேம்புக் கஷாயத்தைச் சுண்டவைத்து எடுத்த பொடி தண்ணீரில் கரையாமல் கட்டிகட்டியாக மிதந்தது. "எம்புட்டு நைசா அரைக்கோமோ அம்புட்டுச் சீக்கிரம் கரையும் சார்" என்று முதலாளியிடம் அளந்துவிட்டேன். பீங்கான் குண்டுகள் போட்ட டிரம்மில் இரண்டு நாள் சுற்றவிட்டோம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் என்னைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அந்த அவசரத்தில், உள்ளே தூசி அடங்குமுன் டிரம்மைத் திறந்துவிட்டேன். அறை முழுக்கப் பழுப்புப் புகை. பதறிப்போய் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டேன். (அறிவாளி!) ஃபேனுக்கு அந்தப் பக்கம் பால்கோவாக் கடையின் அடுப்படி. எட்டிப் பார்த்தேன். கொதிக்கிற பாலில் எதுவும் மிதக்கவில்லை. ஒன்றும் விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பதுதான் வசதியாக இருந்தது.

கிளம்பும்போது முதலாளி ஒரு பொட்டலம் நீட்டினார். "பக்கத்துக் கடைல சூடா வாங்கினேம்மா. மாப்பிள்ளை வீட்டுக்குக் குடு."

பஸ்ஸில்தான் மண்டையில் உறைத்தது. பழைய பொடி என்றால் மிதந்திருக்கும், கரண்டியால் வழித்து எறிந்திருப்பார்கள். இது நான் அரைத்த பொடி. கரைந்திருக்கும்! பிரித்துத் தின்று பார்க்கவும் பயம், வெளியே எறியவும் பயம். ராஜபாளையம் வரை பொட்டலத்தை மடியிலேயே வைத்திருந்தேன்.

வாசலிலேயே அம்மா பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அம்மா, அது வேண்டாம்மா..."

"வாய மூடு, ஏட்டி. அவிய வந்து அரைமணி நேரமாச்சு."

மாப்பிள்ளையின் அம்மா ஒரு விள்ளல் வாயில் போட்டார். முகம் கோணியது. தண்ணீர் குடித்தார். இன்னும் கோணியது. என் கல்யாணம் அந்தச் சொம்புத் தண்ணீரோடு போயிற்று என்றே நினைத்தேன்.

"என்னத்தப் போட்டிய இதுல?"

நான் அழுதுகொண்டே டிரம், குண்டு, ஃபேன் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "நைசா அரைச்சதுனால... உடனே கரஞ்சிருச்சு அத்தை."

அவர் நாக்கை வழித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "காய்ச்சலுக்கு எம்புட்டோ கஷாயம் குடிச்சிருக்கேன். ஒண்ணுகூட இந்தக் கசப்புக் கசந்ததில்ல. வேல தெரிஞ்ச புள்ளதான்."

கல்யாணம் நடந்தது. (பெண் பார்த்த மறுநாளே பால்கோவாக் கடைக்காரரிடம் உண்மையை ஒப்புக்கொண்டபோது அவர் பேசியதை இங்கே எழுத முடியாது.)

போன மாதம் என் மகளுக்கு நிச்சயம். சம்பந்தி வீட்டார் முன்னால் மாமியார் பால்கோவாத் தட்டை என்னிடம் தள்ளினார். "ஏட்டி, மொதல்ல நீ தின்னு. பொறவு அவியளுக்குக் குடுப்போம்."

தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது. இருந்தாலும் அவர் என் முகத்தையே ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் தட்டைச் சம்பந்தியிடம் நகர்த்தினார்.